துணிக்குக் காவல்

தென்காசி,
14 ஜூன் 1936

அன்புள்ள அக்காவுக்கு ஆவுடைத்தாய் எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் சுகம். அவ்விடத்தில் அத்தானும் குழந்தை வள்ளித்தாயும் உன் மாமியாரும் சுகமாயிருப்பதற்கு எழுதவும்.

கடிதம் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். சொன்னபடி எழுதிவிட்டேன். இப்போது அவள் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டதால் உண்மையை எழுதுகிறேன். அந்த ‘யாவரும்’ என்பதில் நான் இல்லை.

சென்ற வாரம் வகுப்பில் பூகோளப் படத்தைச் சுவரில் மாட்டக் கையைத் தூக்கினேன். வலது தோள் கழன்று முன்னால் வந்து நின்றது. பெண்கள் எல்லோரும் அலறினார்கள். என் பக்கத்தில் உட்காரும் ஹைருன் பீவி மட்டும் படம் விழாமல் பிடித்துக்கொண்டு, “ஏட்டி, இந்தியாவ மாட்டச் சொன்னா ஒன் கைய கழத்தி மாட்டப் போறியா?” என்று கேட்டாள். நான் சிரித்த சிரிப்பில் தோள் தானாக உள்ளே போய்விட்டது.

ஒன்பது வயதிலிருந்து நடப்பதுதான். இப்போது அதற்குக் கூட்டாளிகள் சேர்ந்திருக்கிறார்கள். உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. பிரார்த்தனை நேரத்தில் இரண்டு தடவை விழுந்துவிட்டேன். விழுந்ததில் முழங்கால் தோல் நனைந்த காகிதம்போலக் கிழிந்தது. குளிர்ந்த காற்று பட்டால் உடம்பில் தடிப்புத் தடிப்பாக எழும்புகிறது. இவற்றையெல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். அதற்கு ‘உடம்பு நோட்டு’ என்று பெயர்.

அப்பா என்னை டாக்டரிடம் அழைத்துப் போனார். தோளுக்கு ஒரு காரணம் சொல்லலாம், மயக்கத்துக்கு ஒன்று சொல்லலாம், தடிப்புக்கும் தோலுக்கும்கூடச் சொல்லலாம், நான்கும் ஒரே பெண்ணுக்கு என்றால் நான் படித்த புத்தகத்தில் இல்லை என்றார் அவர். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. தெரியாது என்று சொன்ன முதல் வைத்தியர் அவர்தான். ஆனால் பெரியப்பா அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டார். “ஒருத்திக்கு ஒரு சீக்குன்னா நம்பலாம். நாலு சீக்குன்னா அது சீக்கில்ல, நடிப்புல்லா” என்றார். அம்மா அழுததும் கொஞ்சம் இறங்கிவந்து, நடிப்பில்லை என்றால் படிப்புச் சூடு என்றார். ஓயாமல் புத்தகம் பார்த்தால் தலையில் ஏறும் சூடு பெண்பிள்ளைக்கு மூட்டுவழியே இறங்குமாம். அதனால்தான் பூட்டெல்லாம் தளர்ந்துவிட்டதாம்.

முடிவு இது. அடுத்த மாதம் என்னைக் குற்றாலத்துக்குக் கொண்டுபோய் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், அருவியில் நிறுத்துவார்கள். சூடு தணிந்தால் பள்ளிக்கூடம். தணியாவிட்டால் புத்தகத்தை மூட்டை கட்ட வேண்டியது. அக்கா, வரும் ஏப்ரலில் எட்டாம் வகுப்புச் சர்க்கார் பரீட்சை. அதில் தேறினால் பாளையங்கோட்டையில் டீச்சர் டிரெயினிங்குக்குப் போகலாம் என்று எங்கள் அன்னம்மாள் டீச்சர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

வீட்டுக்கு வரும் கடிதங்களை உரக்க வாசிப்பது என் வேலை என்று உனக்குத் தெரியும். உன் கடிதத்தை மட்டும் அப்பா இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொல்லுவார். அதனால் நீ ஒரு வரி எழுது. படிப்பை நிறுத்த வேண்டாம் என்று ஒரே ஒரு வரி.

இப்படிக்கு,
இரண்டு தோளும் இந்த நிமிஷம் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும் உன் தங்கை,
ஆவுடைத்தாய்


கொழும்பு,
2 ஜூலை 1936

அன்புத் தங்கை ஆவுடைக்கு உலகம்மை ஆசீர்வாதம். இங்கு எல்லோரும் சுகம். அப்பா, அம்மா, பெரியப்பா, பெரியம்மை சுகத்துக்கு எழுதவும்.

உன் கடிதம் கிடைத்தது. அத்தான் வாசித்தார். அத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் சொல்லுகிறபடி நட. அருவித் தண்ணீர் நல்லதுதான். வள்ளித்தாய் நன்றாக ஓடி விளையாடுகிறாள். பேனா முனை சரியில்லாததால் எழுத்து கோணலாக இருக்கிறது. வேறு விசேஷமில்லை.

இப்படிக்கு,
உலகம்மை


குற்றாலம்,
21 ஜூலை 1936

அன்புள்ள அக்காவுக்கு ஆவுடைத்தாய் எழுதிக்கொண்டது. இவ்விடம் சாரல் சுகம், குரங்குகள் சுகம். மற்றவர்களைப்பற்றிக் கீழே காண்க.

உன் கடிதத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ‘பெரியவர்கள் சொல்லுகிறபடி நட’ என்ற இடம் வந்ததும் பெரியப்பா தொடையைத் தட்டினார். அப்பா இரண்டாம் தடவை வாசிக்கச் சொல்லவில்லை. எனக்கு உன்மேல் கோபம். எழுதிவிட்டேன், இனி அது போய்விடும்.

வந்து ஆறு நாள் ஆகிறது. சன்னதித் தெருவுக்குப் பின்னால் ஒரு வீட்டில் இருக்கிறோம். விடிந்ததும் அம்மா தலையிலிருந்து கால்வரை நல்லெண்ணெய் தேய்த்துவிடுவாள். பெரியம்மை என் மணிக்கட்டைப் பிடித்துப் பேரருவிக்கு நடத்திக்கொண்டு போவாள். என்னைப்போலக் கொண்டுவரப்பட்டவர்கள் நிறையப் பேர். நேற்று ஒருவரைக் காலில் சங்கிலியோடு நிறுத்தியிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்து, உனக்கு என்ன பாப்பா என்று மரியாதையாகக் கேட்டார். நான் நான்கையும் சொன்னேன். எனக்கு ஒன்றுதான் என்றார், கொஞ்சம் வெட்கப்பட்டதுபோல.

முதல் நாள் தண்ணீர் தோளில் விழுந்ததும் ஆயிரம் பேர் அறைந்ததுபோல இருந்தது. அதை நான் பொறுத்துக்கொள்ளுவேன். ஆனால் நூறு எண்ணுவதற்குள் தடிப்பு எழும்பத் தொடங்கியது. கையெல்லாம், கழுத்தெல்லாம், அடை அடையாக. வெளியே வந்தபோது உதடு வீங்கிக் கண் மூடிவிட்டது. அங்கே நின்ற பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். பயப்படுவார்கள் என்று நினைத்தேன். அவர்களோ குலவை போடாத குறை. “பாத்தியாட்டி, உள்ள கெடந்த சூடு எப்படிப் பொங்கிட்டு வெளிய வருதுன்னு” என்றாள் பெரியம்மை. எவ்வளவு வீங்குகிறேனோ அவ்வளவு குணம் என்று கணக்காகிவிட்டது. இரண்டாம் நாள் இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள். இன்று ஆறாம் நாள். தொண்டைக்குள்ளும் வீங்கி மூச்சு விசில் மாதிரி வந்தது. மடப்பள்ளிப் பக்கம் படியில் படுத்துக் கிடந்தேன். இந்த மாதிரி இன்னும் நாற்பத்திரண்டு நாள்.

அம்மா அருவிக்கரையில் துணிமணிக்குக் காவல் உட்கார்ந்திருக்கிறாள். நீயும் ஒரு முழுக்குப் போடேன் என்று பெரியம்மை கூப்பிட்டால், “துணிய யாரு பாக்கது?” என்கிறாள். உனக்கு நினைவிருக்கிறதா அக்கா, நீ இங்கிருந்தபோது ஒவ்வொரு சாரலுக்கும் துணிக்குக் காவல் நீதான். நாங்கள் குளித்துவிட்டு வரும்வரை நீ உன் கட்டைவிரலை வளைத்து மணிக்கட்டில் ஒட்டவைத்துக் குரங்குகளுக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருப்பாய். இதை எழுதும்போதுதான் ஒன்று தோன்றுகிறது. உன்னை நான் அருவியில் பார்த்ததே இல்லை.

இப்படிக்கு,
வீங்கிய விரலால் எழுதும்
ஆவுடைத்தாய்


கொழும்பு,
9 ஆகஸ்டு 1936

சௌபாக்கியவதி ஆவுடைத்தாய்க்கு அத்தான் சொரிமுத்து எழுதுவது. எல்லோரும் சுகம். உன் அக்காள் வீட்டு வேலையாக இருப்பதால் அவள் சொல்ல நான் எழுதுகிறேன். நீ எழுதும் நோய் விவரங்களை உரக்க வாசிக்கும்போது அம்மா கேட்டுப் பயப்படுகிறார்கள். இனி அவற்றை எழுத வேண்டாம். சுகசெய்தி மட்டும் எழுதினால் போதும். மாமா, அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

சொரிமுத்து


தென்காசி,
30 ஆகஸ்டு 1936

அக்கா, இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. ஹைருனின் தாய்மாமன் மூசா கொழும்புக்கு வியாபாரமாகப் போய்வருகிறார். அம்மா உனக்கு அனுப்பும் கூழ்வடகத் தகரத்தின் அடியில் இதை வைத்திருக்கிறேன். இதை உனக்காக யாரும் வாசிக்க வேண்டாம். ஆகவே சுகம் விசாரிக்கும் வரிகளை விட்டுவிட்டேன்.

முதலில் குற்றாலத்துக் கதை. ஒன்பதாம் நாள் காலையில் நான் எழுந்திருக்க மாட்டேன் என்றேன். பெரியம்மை இழுத்தாள். இழுத்த இழுப்பில் முழங்கை கழன்றது. அதை நானே திரும்ப மாட்டிக்கொண்டு, அப்பாவையும் பெரியப்பாவையும் கூப்பிடுங்கள், ஒரு பரீட்சை செய்து காட்டுகிறேன், அதன்பின் எங்கே வேண்டுமானாலும் நிற்கிறேன் என்றேன். ஒரு செம்பில் அருவித் தண்ணீர் பிடித்துவரச் சொன்னேன். இன்னொரு செம்பில் வெந்நீர். இடது கையை அருவித் தண்ணீரிலும் வலது கையை வெந்நீரிலும் விட்டுக்கொண்டு முந்நூறு எண்ணினேன். உரக்கத்தான் எண்ணினேன். வெளியே எடுத்தபோது இடது கை மணிக்கட்டுவரை சிவந்து பணியாரம்போல வீங்கியிருந்தது. தண்ணீர்க்கோடு எங்கே நின்றதோ அங்கே வளையல் போட்டதுபோல வீக்கம் நின்றிருந்தது. வலது கை எப்போதும்போல.

“சூடு வெளியேறுது” என்றார் பெரியப்பா.

“அப்ப சூடு எடது கையில மட்டும்தான் இருந்துச்சா பெரியப்பா? படிக்கதும் எழுததும் வலது கையாலல்லா?” என்றேன்.

அப்பா திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியதைப் பார்த்தால் சிரித்திருக்க வேண்டும். அன்று மத்தியானமே வண்டி கட்டினார்கள்.

ஆனால் பெரியப்பா தோற்றுப்போகிறவர் இல்லை. தண்ணீர் ஒத்துக்கொள்ளாவிட்டால் நோயின் மூலத்தைத்தான் வெட்ட வேண்டும், மூலம் புத்தகம் என்கிறார். தை பிறந்தால் பள்ளிக்கூடம் கிடையாது. அதுவரை போகலாம். அப்பா பெரியப்பாவின் பேச்சைத் தட்ட மாட்டார். பரீட்சை ஏப்ரலில்.

இப்போது உன் விஷயம். ஜூலைக் கடிதத்தில் உன் எழுத்தைப் பார்த்தேன். பேனா முனை கெட்டால் கோடு தடிக்கும். உன் எழுத்து தடிக்கவில்லை, சரிந்திருந்தது. எனக்குக் கட்டைவிரல் கழன்ற வாரங்களில் என் நோட்டில் எழுத்து அப்படித்தான் சரிந்திருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் வைத்து ஒத்துப் பார்த்துவிட்டேன்.

எந்தக் கை, அக்கா?

ஆவுடை


கொழும்பு,
11 அக்டோபர் 1936

ஆவுடை,

வலது கை. சில நாள் இடது முழங்கால்.

மூசா மாமா வந்த அன்று அத்தையும் அத்தானும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். உன் கடிதத்தைக் குளிக்கும் இடத்தில் வைத்து மூன்று தடவை வாசித்தேன். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் திருத்திக்கொள்.

உனக்கு ஒன்பது வயதில் வந்தது எனக்குப் பதினொன்றில் வந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் அம்மா என்னை நெல்லறைக்குள் கூட்டிக்கொண்டு போய், இதை யாரிடமும் சொல்லாதே, சொன்னால் உன் வாழ்வும் போகும், பின்னால் வரும் தங்கை வாழ்வும் போகும் என்றாள். ஆறு வருஷம் ஆகிறது. கை கழன்றால் அடுக்களைச் சுவரில் அழுத்தி மாட்டிக்கொள்ளுவேன். எழுந்தால் கண் இருட்டும், எதையோ தேடுவதுபோல அப்படியே உட்கார்ந்துவிடுவேன். குடத்தைப் பாதி நிரப்பித் தூக்குவேன். அத்தை என்னைச் சோம்பேறி என்கிறார்கள். சோம்பேறி என்ற பெயர் எனக்குப் பாதுகாப்பாக இருக்கிறது. உன் கடிதங்களை அத்தான் உரக்க வாசிக்கும்போது நான் அரிசி புடைத்துக்கொண்டிருப்பேன். என் உடம்பைப்பற்றியே யாரோ வாசிப்பதுபோல இருக்கும். அத்தை, “நல்லவேளை, நமக்கு வாச்சது மூத்தது” என்பார்கள்.

நீ எதையும் மறைக்காமல் எழுதுகிறாய். அது எனக்குப் பயமாகவும் இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. யாரிடமும் சொல்லாதே. சத்தியம்.

உலகம்மை


தென்காசி,
24 அக்டோபர் 1936

அக்கா,

சத்தியம்.

இதைக் கொண்டுவரும் மூசா மாமா ஒரு பொட்டலமும் தருவார். அதில் மெல்லிய சேலைக்கிழிசலை நான்கு விரல் அகலத்துக்கு மடித்துத் தைத்திருக்கிறேன். கட்டைவிரல் அடியிலிருந்து மணிக்கட்டைச் சுற்றி மூன்று சுற்று, இறுக்கமாக வேண்டாம். எழுதும்போதும் அரைக்கும்போதும் கட்டிக்கொள். காலையில் நீராகாரத்தில் உப்பைக் கூடப் போட்டு இரண்டு செம்பு குடி. அப்படிக் குடித்த நாட்களில் நான் பிரார்த்தனையில் விழவில்லை என்று நோட்டு சொல்லுகிறது. குடிக்காத நாட்களில் பதினான்கில் ஒன்பது தடவை கண் இருட்டியிருக்கிறது. எழுந்திருக்கும்முன் பாதத்தை இருபது தடவை மேலும் கீழும் அசை. இதெல்லாம் எந்த வைத்தியரும் சொன்னதில்லை. என் உடம்பு சொன்னது, நான் எழுதிக்கொண்டேன். நீ உன்னுடையதை எழுதி அனுப்பு. டாக்டர் புத்தகத்தில் இல்லை என்றால் நாம் இரண்டு பேரும் ஒரு புத்தகம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் கடிதத்தில் ‘நாலாம் வகுப்போடு நின்றவள்’ என்ற வரியை நான்கு தடவை வாசித்தேன். நீ புத்தகத்தைத் தொட்டு எத்தனையோ வருஷமாகிறது, உனக்கும் இதே நோய் என்றால், படிப்புச் சூடு என்ற பெரியப்பாவின் பேச்சு ஒரே நிமிஷத்தில் விழுந்துவிடும். அதை நான் பார்த்துவிட்டேன். சொல்ல மாட்டேன். ஆனால் பார்த்தும் பார்க்காததுபோல உனக்கு எழுத எனக்கு வரவில்லை.

ஆவுடை


தென்காசி,
21 ஜனவரி 1937

அக்கா,

மூசா மாமா மார்கழியில் வந்தபோது உன்னிடமிருந்து ஒன்றும் கொண்டுவரவில்லை. உன்னை வீட்டில் யாரும் தனியாக விடவில்லை என்று மட்டும் சொன்னார். அவர் நாளை மறுபடியும் புறப்படுகிறார். அதனால் எழுதுகிறேன்.

பொங்கல் கழிந்த மறுநாள் பெரியப்பா என் புத்தகங்களைக் கயிறு போட்டுக் கட்டிப் பரணில் ஏற்றினார். உடம்பு நோட்டையும் சேர்த்துத்தான். ஐந்து புத்தகமும் மூன்று நோட்டும். அன்னம்மாள் டீச்சர் வீட்டுக்கு வந்து, பரீட்சைக்குப் பணம் கட்டியாயிற்று, பிப்ரவரி பதினைந்துக்குள் வகுப்புக்கு வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள் என்று சொன்னார்கள். பெரியப்பா அவர்களுக்கு மோர் கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தார். “படிச்சதாலதான் வந்துச்சுன்னு நான் சொல்லுதேன். இல்லைன்னு எவனாவது காட்டட்டும், நானே கொண்டுவிடுதேன்” என்று அப்பாவிடம் சொன்னார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். காட்டுவதற்கு என்னிடம் இருந்தது. உன் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. கட்டைவிரலைக் கடித்துக்கொண்டேன். அது கழன்றுவிட்டது.

இதை உன்னைக் கேட்பதற்காக எழுதவில்லை. நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன் என்று ஒருத்திக்காவது தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஹைருன் தினமும் சாயங்காலம் வந்து அன்றைய பாடத்தை நடத்துகிறாள். “ஒனக்குச் சொல்லிக்குடுத்தே நான் முதல் மார்க்கு வாங்கிருவேன் போலிருக்கு, தொல்லைட்டி” என்கிறாள். அரைக்கிற கல்லின்மேல் தண்ணீரால் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். காய்வதற்குள் விடை வந்துவிடுகிறது.

ஆவுடை


கொழும்பு,
30 ஜனவரி 1937

தகப்பனார் அவர்களுக்கு மகள் உலகம்மை வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இதைத் தபாலில், எல்லோரும் பார்க்க அனுப்புகிறேன். பெரியப்பாவையும் அம்மாவையும் உட்காரவைத்து ஆவுடைத்தாய் உரக்க வாசிக்கட்டும். ஒரு வரிகூட விடக் கூடாது.

எனக்கும் ஆவுடைக்கு உள்ளது எல்லாம் இருக்கிறது. கை, முழங்கால் கழலுகிறது. எழுந்தால் கண் இருட்டுகிறது. தோல் கிழிகிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் தடிக்கிறது. பதினொரு வயதிலிருந்து இருக்கிறது. நான் நாலாம் வகுப்புக்குமேல் படிக்கவில்லை. படிப்பினால் வரும் நோய் என்றால் எனக்கு எப்படி வந்தது என்று பெரியப்பா சொல்ல வேண்டும்.

சென்ற வாரம் வள்ளித்தாய் என் மடியில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். கட்டைவிரலை வளைத்து மணிக்கட்டில் ஒட்டிக் காட்டிச் சிரித்தாள். அவளுக்கு மூன்று வயது. இதை யாரிடமும் காட்டாதே என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல முடியவில்லை. மறுநாள் மூசா மாமா ஆவுடையின் கடிதத்தைக் கொண்டுவந்தார்.

இந்தக் கடிதத்தை நேற்று இங்கே உங்கள் மருமகனுக்கும் அத்தைக்கும் உரக்க வாசித்துவிட்டுத்தான் உறையில் போடுகிறேன். என்னைத் திருப்பி அனுப்பினால் அங்கே வருவேன். அனுப்பாவிட்டால் இங்கே இருப்பேன். இரண்டுக்கும் தயாராக இருக்கிறேன். ஆவுடையின் படிப்பை நிறுத்த வேண்டாம்.

உலகம்மை


தென்காசி,
7 பிப்ரவரி 1937

அன்புள்ள அக்காவுக்கு ஆவுடைத்தாய் எழுதிக்கொண்டது. இது தபாலில் வருகிறது. யார் வேண்டுமானாலும் வாசிக்கட்டும்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. முதல் பாராவை எனக்குள் வாசித்ததும் பெரியப்பா வீட்டுக்கு ஆள் அனுப்பினேன். எல்லோரும் உட்கார்ந்த பிறகு, நீராகாரம் குடித்துவிட்டு, பாதத்தை இருபது தடவை அசைத்துவிட்டு எழுந்து நின்று வாசித்தேன். ‘எனக்கும்’ என்ற சொல் வந்ததும் பெரியப்பா, “போதும், நிறுத்துட்டி” என்றார்.

“ஒரு வரிகூட விடக் கூடாதுன்னு அக்கா எழுதிருக்கா பெரியப்பா” என்றேன்.

“வாசி” என்றார் அப்பா. அவர் பெரியப்பா எதிரில் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

முடித்தேன். அப்பா இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பெரியப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு, “நாலாங்கிளாசுல நின்ன புள்ளைக்கு…” என்று தொடங்கி நிறுத்திவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவரே ஏணி வைத்துப் பரணில் ஏறினார். கட்டைக் கீழே கொடுத்துவிட்டு என்னைப் பார்க்காமல் போய்விட்டார். கயிற்றை அவிழ்க்கவில்லை. அவரால் முடிந்தது அவ்வளவு, போதும்.

அக்கா, இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம். எல்லோரும் போன பின் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். கட்டைவிரலை வளைத்து மணிக்கட்டில் வைத்தாள். அது சுருங்கிப்போன விரல், ஆனாலும் ஒட்டியது.

“நான் ஒருநாளும் அருவியில நின்னதில்லட்டி” என்றாள். “ஒங்காச்சி என்ன ஒவ்வொரு சாரலுக்கும் கூட்டிட்டுப் போவா. நான் பயந்துட்டு துணிகிட்டயே உக்காந்துக்கிடுவேன். அன்னைக்கே பயப்படாம நின்னிருந்தா என்னோட போயிருக்கும், ஒங்க ரெண்டு பேருக்கும் வந்திருக்காதுன்னுதான் இத்தன வருசமும் நெனச்சேன். அதான் ஒன்னய அருவியில நிறுத்தினேன்.”

எனக்கு அவள்மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. உடம்பு நோட்டை எடுத்து, ஒரு புதுப் பக்கத்தில் அவள் பெயரை எழுதினேன். எந்த மூட்டு, எந்த வயதில் என்று கேட்டேன். விளக்கேற்றும் நேரம்வரை சொன்னாள். ஒருவரும் ஒருநாளும் அவளை அதைக் கேட்டதில்லை.

நாளை பள்ளிக்கூடம் போகிறேன். உன் வீட்டில் என்ன நடந்தது என்று நீ எழுதவில்லை. எழுது.

ஆவுடைத்தாய்


கொழும்பு,
14 மார்ச்சு 1937

ஆவுடை,

நான் இங்கேதான் இருக்கிறேன்.

அத்தை, சீக்காளியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று தெருவெல்லாம் சொன்னார்கள். இன்னும் சொல்லுகிறார்கள். நான் கேட்டுக்கொண்டே குடத்தைப் பாதி நிரப்புகிறேன், இப்போது மறைக்காமல். அத்தான் பதினொரு நாள் என்னோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் குழந்தையைத் தூக்க நான் குனிந்தபோது பக்கத்தில் வந்து நின்று, “எந்தக் கை?” என்று கேட்டார். வலது என்றேன். குழந்தையை அவர் தூக்கிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. நாளைக்கு என்ன என்று எனக்குத் தெரியாது.

இதை நானே எழுதினேன், நீ அனுப்பிய துணியைக் கட்டிக்கொண்டு. பரீட்சையை நன்றாக எழுது.

உலகம்மை


குற்றாலம்,
27 ஜூன் 1937

அன்புள்ள அக்காவுக்கு ஆவுடைத்தாய் எழுதிக்கொண்டது.

தேறிவிட்டேன். கணக்குப் பரீட்சையின் நடுவில் தோள் கழன்றது. மேற்பார்வைக்கு வந்திருந்தவர் பயந்துபோய் என்னை வெளியே அனுப்பப் பார்த்தார். ஒரு நிமிஷம் பொறுங்கள் சார் என்று சொல்லிவிட்டு மேஜைமேல் சாய்ந்து மாட்டிக்கொண்டு மீதியை எழுதினேன். கணக்கில் அறுபத்தெட்டு. ஹைருனுக்கு எழுபத்தொன்று. தோள் கழன்ற நேரத்துக்கு மூன்று மார்க்கைக் கூட்டிக்கொள் என்கிறாள், கணக்குச் சரியாக வந்துவிடுகிறதாம்.

பாளையங்கோட்டையில் சேருவதற்கு உடம்பு சர்ட்டிபிகேட் கேட்டிருக்கிறார்கள். நல்ல தேக நிலை என்று மட்டும் எழுதித் தருகிறேன் என்றார் டாக்டர், என்மேல் இரக்கப்பட்டு. நான்கையும் எழுதுங்கள், அதற்குக் கீழே எட்டாம் வகுப்பு தேறியவள் என்றும் எழுதுங்கள் என்றேன். எழுதினார். சேர்ப்பார்களோ மாட்டார்களோ. மாட்டேன் என்றால் ஏன் என்று நேரில் போய்க் கேட்பேன். உடம்பு நோட்டையும் கொண்டுபோவேன். இப்போது அதில் நான்கு பேர், வள்ளித்தாயையும் சேர்த்து.

சாரல் நன்றாக இருக்கிறது என்று பெரியம்மை எல்லோரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். அம்மாவும் நானும் துணிக்குக் காவல் உட்கார்ந்திருக்கிறோம். இந்தக் கடிதத்தை அங்கிருந்துதான் எழுதுகிறேன், காகிதத்தில் உள்ள ஈரம் சாரல். வெந்நீர் ஒரு கூஜாவில் பக்கத்தில் இருக்கிறது. சற்றுமுன் புளியங்குடிப் பக்கத்து அம்மாள் ஒருத்தி தலையைத் துவட்டிக்கொண்டே, “இவ்வளவு தூரம் வந்துட்டு தாயும் மகளும் குளிக்காம உக்காந்திருக்கியளே?” என்று கேட்டாள். துணியை யார் பார்ப்பது என்று அம்மா சொல்லுவாள் என்று காத்திருந்தேன்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “எங்களுக்கு ஆகாது” என்றாள், அருவிச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி. “எனக்கும் ஆகாது, எம்மக்க ரெண்டு பேருக்கும் ஆகாது, கொழும்புல இருக்க எம்பேத்திக்கும் ஆகாது.”

அந்த அம்மாள் தன் துணியையும் எங்கள் பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடி குளிக்கப் போனாள்.

இவ்விடம் யாவரும் சுகமில்லை. நன்றாக இருக்கிறோம். அவ்விடத்து உண்மையை எழுதவும்.

உன் தங்கை,
ஆவுடைத்தாய்